காபி வண்டலும் உன் அப்பாவின் தூக்கமும்

துலுங்காகுங், ஜாவா
ஞாயிறு காலை

அன்பு மகன் தாமருக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, பாதி நலம் என்று வைத்துக்கொள். நீயும் அங்கே பாதி நலம்தான் என்று எனக்குத் தெரியும், மீதிப் பாதியைக் கேட்டுத்தான் ஐந்து வேளையும் கையேந்துகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், எனக்கோ அவர் காதில் விழாமல் உன்னோடு பேச வேண்டியிருக்கிறது. பர்னோ மாமாவின் மகள் ரீனி செவ்வாய்க்கிழமை தைவானுக்கு, உன் தைச்சுங் ஊருக்கே திரும்புகிறாள், பொட்டலத்தோடு இதையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் நீ அனுப்பிய செய்தியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. "சிகரெட்ட விட்டதுலேர்ந்து மூணு மணி நேரத்துக்கு மேல தூங்கினதே இல்லம்மா, கண்ண மூடினா என்னென்னவோ கனா வருது, ஒண்ணே ஒண்ணு பிடிச்சா தூங்கிடுவேன்னு தோணுது, அப்பாகிட்ட சொல்லிடாத" என்று எழுதியிருந்தாய். நான் சொல்லவில்லை. ஆனால் தகடு அழுத்தும் இயந்திரத்துக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிறவன் நீ, அதற்குள் கையை விட்டு எடுக்கிற வேலை. அந்த நினைப்பு வந்தால் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே வாசித்த வரியையே மறுபடி வாசிக்கிறேன், பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

பெருநாளுக்கு நீ வந்திருந்தபோது டாக்டர் அப்பாவின் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, இனி ஒரு சிகரெட்கூடக் கூடாது என்றார். அப்பா உடனே உன்னைக் காட்டி "இவன் விட்டா நானும் விடுறேன்" என்றார். நீயும் விளையாட்டாக "சரிப்பா, யாரு முதல்ல பத்த வைக்கிறாங்களோ அவங்க தோத்தாங்க, மத்தவங்களுக்கு விடுதலை" என்றாய். இருவரும் கைகொடுத்துக்கொண்டீர்கள், நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். இப்போது யோசித்தால் அந்த விடுதலை என்ற சொல்லிலேயே கோளாறு உட்கார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் போனில் நீ "சுகமாத் தூங்குறேன்பா" என்கிறாய், அவர் "நான் படுத்தா கட்டைதான் லே" என்கிறார். உன்னைப் போலவே அவரும் சொல்வது பொய். உன் செய்தி வந்த அதே நாளில் அவரும் என்னிடம் "முடியல ஹந்தா, பையன்கிட்ட சொல்லிடாத" என்றார். இரண்டு பேர் ரகசியத்தையும் ஒரே மடியில் கட்டிக்கொண்டு நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

நீ பயப்படக்கூடாது, முடிந்துபோன விஷயம் என்பதால்தான் சொல்கிறேன். பத்து நாளைக்கு முன்னால் அப்பா வண்டியில் பளிங்குத் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு சுரபாயாவுக்குப் போனவர் பாதியிலேயே திரும்பிவிட்டார், டயர் பஞ்சர் என்றார். சக்கரத்தைப் பார்த்தால் முழங்கால் உயரத்துக்கு வயல் சேறு. பஞ்சரான வண்டி வயலுக்கு ஏன் போகிறது? வண்டியில் கூடப் போன பர்னோ மாமாவை வாசலில் மடக்கிக் கேட்டேன், தலையைச் சொறிந்துவிட்டுச் சொல்லிவிட்டார். "அண்ணி, அண்ணன் ஸ்டியரிங்கப் பிடிச்சபடியே தூங்கிட்டாரு, வண்டி நேரா நாத்துக்குள்ள எறங்கிடுச்சு. அங்க மேஞ்ச வாத்துங்கதான் கத்தி எங்கள எழுப்பிச்சு." இரண்டு தொட்டி உடைந்ததோடு போயிற்று. அன்றைக்கே வண்டிச் சாவியை வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது. அப்பா தானாகவே சாவியை எடுத்து நீட்டினார், அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

சிகரெட்டை விட்டால் சில வாரம் தூக்கம் கெடும், பிறகு சரியாகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் இவருக்கு வாரம் ஆக ஆக மோசமாகிக்கொண்டே போயிற்று. போன வாரம் சனிக்கிழமை மத்தியானம் பள்ளியிலிருந்து வரும் வழியில் ஜூமியக்கா காபிக் கடையில் எட்டிப் பார்த்தேன். அப்பா வழக்கமான மூலையில், பல்குத்தும் குச்சியைக் காபி வண்டலில் தொட்டுத் தொட்டு ஒரு சிகரெட்டின் மேல் பெரணி இலை வரைந்துகொண்டிருக்கிறார். பக்கத்தில் தட்டில் இன்னும் நாலு சிகரெட் காய்கிறது, எல்லாம் நண்பர்களுடையது. அவர் முன்னால் ஐந்து காலி கிளாஸ். "வாங்க டீச்சர், உங்க வீட்டுக்காரரு சிகரெட்ட விட்டதுலேர்ந்து எனக்குக் காபித் தூள் இடிச்சு மாளல" என்றாள் ஜூமியக்கா. பர்னோ மாமா வேறு, "கல்யாணத்துக்குச் சமைச்சுப் போட்டுட்டு நோன்பு பிடிக்கிறவரு அண்ணி இவரு" என்றார், கடையே சிரித்தது. அப்பாவுக்குக் கோபம். "நான் பத்த வச்சேனா? வரையத்தானே செய்யறேன்! வண்டல் வேணும்னா கிளாஸ் காலியாக வேணாமா?" என்றார்.

தாமர், எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. நம் ஊர் ஆண்களுக்குச் சிகரெட் என்பது புகை மட்டுமில்லை, வண்டல் பூசி வரைவதும் காய வைப்பதும் அடுத்தவன் வரைந்ததைக் கேலி செய்வதும் சேர்ந்ததுதான். புகையை விட்டவர் அந்த மூலையை விட மனசில்லாமல், முன்பு ஒரு கிளாஸோடு எழுந்தவர் ஐந்து கிளாஸ் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்தால் நான் என்ன செய்தேன் தெரியுமா? பாவம், சிகரெட்டையே விட்டுவிட்டார், இதுவாவது இருக்கட்டும் என்று சாயங்காலம் இரண்டு கிளாஸ் கெட்டியாகக் கலக்கி நானே தினமும் கையில் கொடுத்தேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் தூக்கத்தை நானே கலைத்திருக்கிறேன். வண்டி அந்தப் பக்கம் வயலுக்குப் பதில் இந்தப் பக்கம் ஆற்றுக்குள் இறங்கியிருந்தால் என்று நினைத்து நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் எர்லினாவிடம் போய்ச் சொன்னேன். "சிகரெட் பிடிக்கிற உடம்பு காபிய சீக்கிரமா வெளிய தள்ளிடும் டீச்சர், விட்டதும் அதே ஒரு கிளாஸ் ரொம்ப நேரம் ரத்தத்துலயே நிக்கும். அவரு ஏழு குடிச்சா பதினாலு குடிச்ச கணக்கு, அப்புறம் தூக்கம் எங்கேர்ந்து வரும்?" என்றாள். ஒரேயடியாக நிறுத்தினால் தலை வெடிக்கும், நாளுக்கு ஒன்றாகக் குறைக்கணும், மத்தியானத்துக்கு மேல் தொடவே கூடாது என்றாள். ஜூமியக்காவிடம் சொன்னதும் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மற்றவர்கள் குடித்து வைக்கிற கிளாஸ்களின் வண்டலையெல்லாம் ஒரு சின்னத் தட்டில் வழித்து வைக்கிறாள், அப்பா இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு அதில் தொட்டு வரைகிறார். முதல் நாள் "அடுத்தவன் எச்சிக் காபியிலயா வரையச் சொல்ற?" என்று எழுந்து வந்துவிட்டார். மறுநாள் தானாகவே போய் உட்கார்ந்தார். வியாழக்கிழமை இரவு இஷா தொழுதுவிட்டுப் படுத்தவர் விடிகாலை சுபுஹுக்கு நான் எழுப்பும் வரை அசையவில்லை. நான்தான் தூங்கவில்லை, அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். நேற்று மறுபடி பாதித் தூக்கம்தான், ஆனாலும் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது.

இனி உன் விஷயம். போன மாதம் வீடியோவில் உன் கட்டிலுக்குப் பின்னால் காபி டின்கள் வரிசையாக நின்றதைப் பார்த்தேன், அப்போது ஒன்றும் தோன்றவில்லை. நீயும் கை சும்மா இருக்கக் கூடாது என்று ஒன்றன்பின் ஒன்றாக உடைத்துக் குடிக்கிறாய், இல்லையா? தேநீரும் அதே ஜாதிதான், அங்கே குமிழிகள் போட்டு விற்கிற அந்த இனிப்புத் தேநீரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மெல்ல மெல்லக் குறை. பொட்டலத்தில் இஞ்சித் தூளும் வறுத்த வேர்க்கடலையும் இருக்கிறது, கைக்கு வேலை வேண்டுமென்றால் கடலையை உரி. இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் வராவிட்டால் டாக்டரைப் பார், நண்பன் கொடுத்தான் என்று எந்த மாத்திரையும் போடாதே. தூங்காத நாளில் மேற்பார்வையாளரிடம் போய், இன்றைக்கு என்னை இயந்திரத்தில் நிறுத்தாதீர்கள், பெட்டி அடுக்குகிறேன் என்று சொல். சம்பளம் குறைந்தால் குறையட்டும், திட்டினால் திட்டட்டும். பத்து விரலோடு நீ வீட்டுக்கு வந்தால் எனக்குப் போதும்.

இன்னொன்று. இதை எழுதுவதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று பொட்டலத்தைக் கட்டுவதற்கு முன் அதில் வைக்க வேண்டிய உன் நீலச் சட்டையை மறுபடி மடிக்க எடுத்தேன், உள்ளே ஒரு சிகரெட் இருந்தது. கொடியும் பூவுமாக அத்தனை நுணுக்கமாக அப்பா வரைந்து நான் பார்த்ததே இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் அதை வாங்கி விரலில் உருட்டிக்கொண்டே, "என்னால முடியலன்னு அவன்கிட்ட சொல்ல வாய் வரல. அவன் முதல்ல தோத்தா நல்லாருக்கும்னு நெனச்சுட்டேன். சின்னப் பையன், அவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு..." என்றார். தன் பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறான், தனக்குத்தான் திராணியில்லை என்று இத்தனை நாளும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நீயும் அங்கே அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் செய்தியை அப்போதே அவரிடம் காட்டிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன், பிறகு வைத்துவிட்டேன். அதை நீ சொல்ல வேண்டும், நான் சொன்னால் அது கோள் சொன்னதாகிவிடும்.

ஆகையால் வரும் வெள்ளிக்கிழமை அவர் கேட்கும்போது சுகமாகத் தூங்குகிறேன் என்று சொல்லாதே. எனக்கும் தூக்கமில்லைப்பா என்று சொல். அதோடு விடுதலைப் பேச்சும் வேண்டாம், ஒருத்தர் வழுக்கினாலும் மற்றவர் பிடித்துக்கொள்வது என்று மாற்றிக்கொள்ளுங்கள். அந்தச் சிகரெட்டை உனக்கு அனுப்பவில்லை. அதை அப்பாவே பிய்த்து வாழை மரத்தடியில் போட்டுவிட்டார். வண்டல் சரியாகக் காயாமல் உன் சட்டையின் உள்மடிப்பில் பழுப்பாக ஒரு பூ ஒட்டியிருக்கிறது, துவைத்தும் போகவில்லை. யாராவது கறை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், அப்படியே போட்டுக்கொள்.

அல்லாஹ் உன் கைகளையும் கண்களையும் காப்பாற்றட்டும், உனக்கு நல்ல தூக்கத்தைக் கொடுக்கட்டும். வெள்ளிக்கிழமை மறக்காதே, போனை அப்பாதான் எடுப்பார்.

உன் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கும் அம்மா,
ஹந்தயானி