குண்டேரிப்பள்ளத்துக்கு நூர்ஜஹானை அழைத்துப் போனேன்

பிரியமுள்ள பங்காளி காதருக்கு,

உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். எப்படி மீறினேன் என்று நானே எழுதிவிடுவதுதான் முறை.

நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. உன் மனைவி நூர்ஜஹான் நான்கு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருந்து முடித்தாள். அடுத்த வாரமே கோட்டைமேட்டிலிருந்து ஆட்டோ பிடித்துத் துடியலூருக்கு என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி சுமதி காபி போட உள்ளே போன நேரம் பார்த்துக் கேட்டாள்.

“ஏனுங்ணா, ஒன்னு கேக்கறனுங்க. மறைக்காமச் சொல்லோணும். கோபில அவருக்கு இன்னொரு ஊடு இருக்குதுங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

உன் செல்போன்தான் காரணம். நீ போன மூன்றாம் வாரம் அது அடித்திருக்கிறது. ‘கோபி ராசாத்தி’ என்று பெயர். “ஏனுங்க, இந்தப் பக்கம் வரவே காணமுங்களே?” என்று ஒரு பெண் குரல். “நீங்க யாரு?” என்று நூர்ஜஹான் கேட்டதும் வைத்துவிட்டாள். மாதம் ஒரு ஞாயிறு கோபிக்குப் பழைய பித்தளைப் பாத்திரம் எடுக்கப் போகிறேன் என்று பன்னிரண்டு வருடம் சொல்லிவந்தாய். அப்படி எந்தப் பாத்திரமும் உன் பாத்திரக் கடைக்கு வந்ததில்லை என்று உன் தம்பி இப்போது சொல்லியிருக்கிறான். இத்தனையையும் சேர்த்துப் பார்த்தபடி வீட்டுக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறாள், அந்த நாலு மாதமும்.

முதலில் ஒரு பொய்யைத்தான் யோசித்தேன். பழக்கதோஷம். பிறகு எழுந்துபோய், நீ என் பீரோவில் ஒளித்து வைத்திருந்த பைனாகுலரை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன்.

“குருவி பாக்கப் போவமுங்க, அம்மணி. நானும் அவனும். வேற ஒன்னுமில்லீங்க.”

அவள் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

“சிநேகிதருக்காக நீங்க வேற என்னத்தச் சொல்லுவீங்க? அந்த ராசாத்தியக் காட்டுங்க, நம்பறேன்.”

அந்த ஞாயிறே சுமதியும் சேர்ந்து மூவரும் என் காரில் கிளம்பினோம். அன்னூர், புளியம்பட்டி வழியாகச் சத்தி. சத்தியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வாழை. நூர்ஜஹான் திடீரென்று கேட்டாள்: “அவரு கால் ஒடிஞ்சது? லாரி ஒதுக்கி உழுந்தேன்னாரே? நீங்களும் ஆமான்னீங்களே?”

சொன்னேன். கோபிக்குப் பக்கத்தில் குண்டேரிப்பள்ளம் அணைக்குப் போகிற வழியில், சாயங்காலம், வளைவு திரும்பியதும் குட்டியோடு ஒரு யானை நின்றது. நீ ஸ்கூட்டரைத் திருப்பப் போய்ச் சாய்த்துவிட்டாய். வண்டி உன் கால்மேல் கிடந்தது. கத்தாமல் என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தாய். யானை நம்மைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றது. பிறகு குட்டியை முன்னால் விட்டு மரங்களுக்குள் போய்விட்டது. நான் வண்டியைத் தூக்கியபோது நீ சொன்ன முதல் வார்த்தை: “குட்டி எத்தனூண்டு இருந்துச்சு, பாத்தியா பங்காளி?”

சாலையோரம் டீக்கடை வைத்திருந்த அம்மாதான் ஓடி வந்து, விறகுக் குச்சி வைத்து உன் காலைக் கட்டிவிட்டாள். பால் வண்டியை நிறுத்தி ஏற்றியும் விட்டாள். அந்த அம்மாதான் ராசாத்தி.



கடை அப்படியேதான் இருக்கிறது. என்னைப் பார்த்ததும் ராசாத்தி, “எங்கீங்க உங்க சோடி?” என்றாள். சொன்னேன். கையிலிருந்த கரண்டியோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அறுபது வயதைத் தாண்டிய மனுஷி, வாய்விட்டு அழுதாள். அப்புறம்தான் நூர்ஜஹானைக் கவனித்தாள்.

“நீங்கதானுங்களா அந்த அம்மணி? அவரு ஊட்டுக்குத் தெரியாம வாராருன்னு எனக்குத் தெரியுமுங்க. பொம்பளக் கொரலு கேட்டதும் மாட்டி உட்டுட்டமேன்னு பயந்துபோயி வெச்சுப்போட்டேன்.”

“எதுக்குங்க கூப்பிட்டீங்க?”

“நாரை வந்துருச்சுங்கன்னு சொல்லத்தான். வந்தாச் சொல்லோணும்னு நம்பர் குடுத்திருந்தாருங்க.”

அணைக்கரையில் ஏறினோம். தண்ணீர் குறைவாக இருந்தது. பட்டுப்போன மரத்தில் ஒரு பாம்புத்தாரா சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. பைனாகுலரை எப்படித் திருகுவது என்று நூர்ஜஹான் கேட்டாள், காட்டினேன். அரைமணி நேரம் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. பாரம் இறங்கியது என்று நான் நினைத்தேன். சுமதிகூடச் சிரித்த முகமாக நின்றாள்.

நூர்ஜஹான் அதைக் கீழே இறக்கிவிட்டுச் சொன்னாள்: “இன்னொருத்தி இருந்திருந்தா அவளத் திட்டியாவது ஆத்திக்குவனுங்ணா. இப்ப யாரத் திட்டறது? பன்னண்டு வருசம், அந்த ஞாயித்துக்கெழமையெல்லாம் நான் ஊட்டுலதான உக்காந்திருந்தேன்? வா புள்ளன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டனா?”

சுமதி என்னைத்தான் பார்த்தாள். அவளுக்கு நாம் போகிற இடம் தெரியும். ஒரு தடவைகூட நான் கூப்பிட்டதில்லை.

ஏன் சொல்லாமல் விட்டாய், காதர்? ‘குருவி பாக்கப் போறேன்னா ஊட்டுல சிரிப்பாங்கடா’ என்று ஒரு முறை சொன்னாய். அவள் சிரித்திருப்பாளா? சிரித்திருந்தால்தான் என்ன? நானும் அன்றைக்கு இதைக் கேட்காமல் விட்டேனே.

அவளுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, உன்மேலும் என்மேலும். ஆனால் போன மாதம் அவளே போன் செய்து, பெருந்துறை பக்கம் வெள்ளோட்டில் கூழைக்கடா வந்திருக்கிறதாமே என்றாள். மூவரும் போனோம். நான் வக்கா என்று சொன்ன ஒரு பறவையை, “இல்லீங்ணா, அது மடையான். கழுத்தப் பாருங்க” என்று திருத்தினாள். அவள் சொன்னதுதான் சரி.

அடுத்து வால்பாறையாம். அவள், அவள் அக்கா, சுமதி. இருவாச்சிப் பறவையைப் பார்க்க வேண்டுமாம். வண்டி ஓட்ட மட்டும் நான் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

உன்னை மன்னிக்கச் சொல்லி அவளிடம் நான் பேச மாட்டேன். அது உங்கள் இருவருக்கும் இடையில் உள்ளது. அவள் எந்த மலைக்குப் போக வேண்டும் என்றாலும், விடியும் முன்னே கோட்டைமேட்டு வாசலில் வண்டியோடு நிற்பேன். கண் தெரிகிறவரை ஓட்டுவேன்.

உடன்பிறக்காத உன் பங்காளி,
தங்கவேலு