கைப்பிடி வைக்காத பெஞ்சு

அம்மாவுக்கு ஸ்தோத்திரம். நான் நன்றாக இருக்கிறேன். உன் இடுப்பு வலி குறைந்ததா?

மும்பைப் பக்கம் நீராவி வண்டிக் காலத்து ஸ்டேஷன் ஒன்றை இடித்துப் புதிதாகக் கட்டுகிறோம். பழைய தேக்குப் பெஞ்சுகளைத் தூக்கிவிட்டு இரும்புப் பெஞ்சு போடுகிறார்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் இரண்டு கைப்பிடி வைத்து வெல்டிங் அடிக்கச் சொன்னார்கள். எதற்கு என்று நம் படாளத்து மேஸ்திரி வரதன் அண்ணனைக் கேட்டேன்.

"எவனும் படுக்கக் கூடாதுன்னுதான்டா. பேஜார் பண்ணாம அடி."

செங்கல்பட்டு பிளாட்பாரத்தில் வேர்க்கடலைக் கூடையைத் தலைமாட்டில் வைத்து, மத்தியான வண்டி வரும்வரை நீ படுப்பதும் ஸ்டேஷன் பெஞ்சில்தானே?

"எங்கம்மா இன்னா, உக்காந்துகினே தூங்கணுமா? அடிக்க மாட்டேண்ணா."

வெல்டிங் வேலை போய், இப்போது இடிபாடு சுமக்கிறேன். பயப்படாதே, உடம்புக்கு நல்ல பயிற்சிதான். தோளுக்குத் தேய்க்கத் தைலம் மட்டும் அனுப்பு. கூடவே உன் கையால் மடித்த கடலைப் பொட்டலம் ஒன்று.

லாரி வந்துவிட்டது, போகிறேன். நம் ஸ்டேஷனையும் புதுப்பிக்கிறார்களாமே. உன் பெஞ்சுக்குக் கைப்பிடி வைக்க எவனாவது வந்தால் எழுந்திருக்காதே. படுத்தபடியே கேள்: "எம் புள்ளயே மாட்டேன்னுட்டான், நீ யார்ரா?"

எபினேசர்