கம்பளிக் கோட்டு

என் தூதருக்கு,

மொண்டேவீடியோவில் எல்லோரும் நலம். ஒரு வாரமாக உங்களுக்குப் பதில் எழுதி எழுதிக் கிழிக்கிறேன். இதையாவது கிழிக்காமல் அனுப்ப வேண்டும்.

தேர்தலுக்குள் திரும்ப அழைத்துவிடுவார்கள் என்று இந்த முறையும் எழுதியிருக்கிறீர்கள். செனட்டில் தலைவரை எதிர்த்துப் பேசியதற்குத்தான் அந்தத் தூதர் பதவி என்று ஊருக்கே தெரியும், உங்களைத் தவிர.

போன செவ்வாய்க்கிழமை கட்சியிலிருந்து லாரால்டே வந்தார். மாத்தே இலைத் தேநீர் குடிக்க உட்கார்ந்ததும் வெந்நீர்க் கெண்டியைத் தானே எடுத்துக்கொண்டார். யார் வீடோ அவர்கள் ஊற்றுவதுதானே முறை? அதுவும் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

"கெண்டிய இப்படிக் குடுங்க. இது எங்க வீடு" என்றேன்.

சிரித்தார். "இதுக்குத்தாம்மா உங்களத் தேடி வந்தேன். அவரு ஸ்டாக்ஹோம்ல நல்லாத்தான இருக்காரு? அங்கயே இருக்கட்டும். செனட் வேட்பாளர் பட்டியல்ல அவரு இடம் சும்மா கிடக்கு, நீங்க நில்லுங்க. குடும்பப் பேரு அதேதான, சனங்க ஓட்டுப் போடுவாங்க."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"நீங்க சொல்லிருங்க."

முதல் குடுவையை ஊற்றுகிறவர்தான் குடிக்க வேண்டும். குடித்தேன். கசந்தது. அடுத்ததை ஊற்றி அவரிடம் நீட்டினேன்.

எழுதும்போதே ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் நம் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள். படத்தில் என் மூக்கு பெரிதாகத் தெரிகிறது.

நீங்கள் இங்கே விட்டுப்போன கம்பளிக் கோட்டைக் காலையில் தபாலில் அனுப்பிவிட்டேன். அங்கே குளிர்காலம் ரொம்ப நீளம் என்கிறார்கள்.

உங்கள் மனைவி