ஷாஹினாவின் நார் அறுந்து போகவில்லை

செவ்வாய்க்கிழமை.

என் வாழைநாரையும் கூடப் படிக்கும் ஷாஹினாவின் நாரையும் இன்று ஆய்வகத்தில் இழுத்துச் சோதித்தார்கள். இருவரும் காஸ்டிக் சோடாவில்தான் ஊறவைத்திருந்தோம். நாரின் பசை நன்றாகப் போகட்டும் என்று நான் சோடாவை அதிகம் போட்டிருந்தேன். என் நார் இயந்திரம் இழுத்தவுடனே அறுந்தது. அவளுடையது இழுக்க இழுக்கத் தாங்கியது. அறுந்து போ, அறுந்து போ என்று பக்கத்தில் நின்று வேண்டினேன்.

"ஊறப்போடாத நாரவிட நல்ல பலம்" என்று சார் அவளைப் பாராட்டினார்.

வெளியே வந்ததும் அவள் என் தோளைத் தொட்டாள். "ஏட்டி, சோடாவக் கொறச்சுப் போடு. நாளைக்கு நானும் கூட நிக்கேன்."

"வேண்டாம், எனக்குத் தல வலிக்கு" என்றேன். அவள் பெருமையடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நாளை தேங்காய்ப்பட்டணத்திலிருந்து அவள் பஸ் வருவதற்குள் ஆய்வகத்துக்குப் போய்விடுவேன். சோடாவைக் குறைத்துத்தான் போடப் போகிறேன். யார் சொல்லிப் போட்டேன் என்று கேட்டால், எனக்கே தோன்றியது என்பேன்.