மின்னேரியாவுக்குப் பேசிய வான்

மச்சான்,

மின்னேரியாக் குளத்து யானைகளைப் பார்க்க வாடகைக்கு ஒரு வான் பேசிவிட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து விடியப் புறப்பட்டு, வவுனியாவில் தேத்தண்ணி குடித்து, பின்னேரம் ஜீப்பில் காட்டுக்குள் போகலாம்.

முந்தி ஹபரணைத் தெருவில் நம் லொறியை யானை மறித்தபோது நீ ஒரு வாழைக்குலையை எறிந்தாய். "நல்ல கதலியடா, விசரா!" என்று நான் கத்தினேன். "உன்னைத் தூக்கி எறியாமல் விட்டனே, அதைச் சொல்லு" என்றாய். தம்புள்ளை வரைக்கும் சிரித்தோம்.

நாம் கூட்டாக நடத்திய கடையைப் பிரித்த பிறகும் அந்தத் தெருவால் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். யானை நின்றது, சிரிப்புத்தான் வரவில்லை.

சாரதியோடு பேசி முடித்தது இதுதான்: வாடகை நாற்பதாயிரம், அதில் பாதி உன்னுடையது. நீ வராவிட்டால் வான் புறப்படாது.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி