மடக்காத குடை

குடையை விரித்து வாசலில் காயப் போட்டிருக்கிறேன். நனைந்த கறுப்புத் துணி வாடையோடு மாட்டு வாடையும் சேர்ந்து வருகிறது. நீ இருந்தால் மூக்கைச் சுளிக்க மாட்டாய், இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து மோந்து பார்ப்பாய். நீ போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இன்றைக்கு உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. அதற்கு முன்னால் பழைய கதையைத் தொட்டுத்தான் ஆகவேண்டும். எனக்கு மானக்கேடான கதைதான், பரவாயில்லை.

யோங் பெங் ஊருக்கு அப்பால் ஆற்றோரம் இந்த மூன்று ஏக்கர் காட்டை வெட்டி, வாழையும் மரவள்ளியும் வைத்து, செவலையை வாங்கிக் கட்டிய புதிது. அக்கரையில் ரப்பர்ப் பால்மரத் தோட்டம். நாம் பத்து வருஷம் பால் வெட்டிய அதே தோட்டம். செவலைக்கு நிறைமாதம். அன்று மத்தியானம் பார்த்தால் முளைக்குச்சி பிடுங்கிக் கிடக்கிறது, மாட்டைக் காணோம். தோட்டத்துக்குள் வரும் மாட்டைச் சுட்டுவிடலாம் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை உத்தரவு. முந்தின மாதம்தான் மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்பத்து ஆள் ஒருவரின் எருமை அங்கே செத்துக் கிடந்தது.

வாழைக்கொல்லைப் பக்கம் தேடலாம் என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய்.

"கன்னு போடப்போற மாடு மறைவாத்தாங்க தேடும். மேடா, ஆள் இல்லாத எடமா. நம்ம கொல்லையில அப்படி எடம் ஏது?"

ஆற்றுச் சேற்றில் பின்னங்குளம்பு விரிந்த தடத்தைக் கண்டது நீதான். முழங்கால் தண்ணீரில் இறங்கி அக்கரை ஏறினோம். அங்கே சருகில் தடம் மறைந்துவிட்டது. நீ கீழே பார்ப்பதை விட்டுவிட்டு மரம் மரமாகப் பார்த்துக்கொண்டு போனாய். பால் பிடிக்கும் மங்கு எந்த மரத்தடியில் விழுந்து கிடக்கிறதோ, அந்த மரத்தைச் செவலை உரசிக்கொண்டு போயிருக்கிறாள். வழியில் கிடந்த சாணத்தைக் கால்விரலால் தொட்டு, "சூடு ஆறல, வாங்க" என்றாய். மழை பிடித்துக்கொண்டது.

தோட்டத்துச் செம்மண் சாலையோர மேட்டுச் சரிவில் செவலை நின்றாள். காலடியில் கன்று, எழ முடியாமல் நடுங்கிக்கொண்டு கிடந்தது. நான் குடையை அதன்மேல் பிடித்தேன். நீ முந்தானையால் துடைத்தாய்.

அப்போதுதான் மோட்டார் சத்தம் கேட்டது. துரையின் காரைக் கண்டால் குடையை மடக்கி, ஓரமாகத் தலை குனிந்து நிற்கவேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். கொளுத்துகிற வெயிலானாலும் கொட்டுகிற மழையானாலும் அதுதான். நாம் அப்போது யாருக்கும் கூலி இல்லை. அது எனக்குத் தெரியும், என் கைக்குத் தெரியவில்லை. கார் நிற்பதற்கு முன்னே குடை மடங்கி என் கக்கத்துக்குப் போய்விட்டது. கன்றின்மேல் மழை சடசடவென்று விழுந்தது.

நீ என் கக்கத்திலிருந்து குடையை உருவி, விரித்து, கன்றின்மேல் பிடித்தாய். காரிலிருந்து தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கத்தினார்.

"ஏய், தொரை வந்திருக்காங்க, கொடைய மடக்கு!"

பின்சீட்டில் காவல்காரன் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தான். துரைக்கு நம் பேச்சு நன்றாகவே தெரியும். யார் மாடு என்று கேட்டார்.

"எங்க மாடுங்க. மரத்துல ஒரு கீறல் விழுந்திருக்கா, பார்த்துக்குங்க."

கிராணி விடவில்லை. "மொதல்ல கொடைய மடக்குன்னேன்ல!"

"மாட்டேங்க. நான் நனையலாம், எம் புருஷன் நனையலாம். இந்தக் கன்னு பொறந்து அரை மணி நேரம் ஆகல. இது ஒங்க தோட்டத்துக் கூலி இல்லீங்க."

துரை உன்னையும் கன்றையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மனசில் என்ன ஓடியதோ. நல்ல மனுஷர் என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் எருமைக்காரர் என் முகத்தில் காறித் துப்புவார். "பொழுது சாயறதுக்குள்ள ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிடணும்" என்றார். கார் போய்விட்டது.

கன்றை நான் தோளில் போட்டுக்கொண்டேன். செவலை பின்னாலேயே வந்தாள். நீ கன்றுக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்தாய். நடு ஆற்றில் நின்று கேட்டாய்:

"ஏங்க, அந்தக் கை ஒங்களோடதா, தொரையோடதா?"

நான் கன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, உன்மேல்தான் என்று நினைத்துக்கொண்டேன். நீ அதை மறுபடி கேட்கவே இல்லை, காய்ச்சலில் படுத்திருந்த கடைசி நாட்களில்கூட. கேட்டிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். கேட்காமல் போய்விட்டாயே, அதுதான் என்னைப் போட்டு அறுத்தது.

அந்தக் கன்று இப்போது மூன்று ஈன்ற மாடு. தாய்க்குத் தப்பாத பிள்ளை. இன்று காலை முளையைப் பிடுங்கிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டாள். நல்ல மழை. குடையை எடுத்துக்கொண்டு, விழுந்து கிடந்த மங்குகளைப் பார்த்துப் பார்த்து நடந்து, அவளைக் கண்டுபிடித்துவிட்டேன். நீ வந்திருந்தால் பாதி நேரத்தில் முடித்திருப்பாய். கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாலையில் திரும்பும்போது கார் வந்தது. துரை புதுசு, கார் புதுசு, கிராணி மட்டும் பழைய ஆள்தான். உத்தரவும் பழைய உத்தரவுதான்.

குடையை மடக்கக் கை காம்பில் மேலே ஏறியது. உன்னிடம் பொய் சொல்லுவானேன், ஏறத்தான் செய்தது. பாதியில் நிறுத்தினேன். கார் என் பக்கத்தில் வந்து நின்றது. கிராணி தலையை நீட்டி, "கொடை!" என்றார்.

குடையை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தேன். "இந்தக் கை என்னோடதுதான்" என்றேன், உரக்கவே.

"என்னய்யா ஒளர்ற?"

"ஒங்களுக்கு இல்லீங்க. எம் பொண்டாட்டி ஒண்ணு கேட்டிருந்தா. அவளுக்குப் பதில் சொன்னேன்."