‘ஏனுங்க’ என்று கேட்ட குற்றம்

கோபிசெட்டிபாளையம்
9.11.97

அன்புக் கண்ணு லோகப்பிரியாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்துக்கும் மாப்பிள்ளை சுகத்துக்கும் மாகாளியம்மன் துணை இருப்பாள். அங்கே பனி கொட்ட ஆரம்பித்திருக்கும், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. அப்பா மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போயிருக்கிறார், முட்டி வலி எப்படி என்று கேட்டால் மட்டும் கோபம் வருகிறது.

போனில் பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டாய், அப்பா பக்கத்தில் நின்றதால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். நன்றாக இல்லை. மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து யோசிக்கிற மகான்கள் இந்த வருஷம் ஒரு உத்தரவு போட்டிருக்கிறார்கள். மாவட்டம் முழுக்க மூன்றாம் வகுப்பில் ஒரே நாளில் ஒரே பாடம் நடக்க வேண்டுமாம். என் வகுப்பில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டவே வராது, கரும்பு வெட்டுக்கு அப்பன் ஆத்தாளோடு ஊர் ஊராகப் போய்விட்டு வந்த பிள்ளைகள். நான் அந்த உத்தரவுப் பாடத்தை மூடிவைத்துவிட்டு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தேன். சாமியாத்தாள் என்று ஒரு பெண், வாயே திறக்காதது, போன மாதம்தான் ஒரு வரியை முழுசாக வாசித்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதிக் காட்டத் தெரியவில்லை.

அடுத்த வாரமே அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார், வெளி மாவட்டத்துக்காரர். நான் எந்தப் பாடத்தில் நிற்கிறேன் என்று பார்த்தாரே தவிர பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று பார்க்கவில்லை. சாமியாத்தாளைக் கூப்பிட்டார். அது எழுந்து கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக ‘ஏனுங்க?’ என்றது. கூப்பிட்டால் நம் ஊரில் வேறு எப்படிக் கேட்பார்கள்? அந்த மேதாவிக்கு அது ‘ஏன் வர வேண்டும்?’ என்று எதிர்த்துக் கேட்டதாகப் பட்டதாம். காரணம் கேட்கிறாயா என்று அவர் போட்ட சத்தத்தில் பிள்ளை என் முந்தானைக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டது. ‘என்னங்க, சொல்லுங்க’ என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று நான் சொன்ன பிறகாவது சும்மா இருந்தாரா? இனி வகுப்பில் புத்தகத் தமிழ்தான், எதற்கும் ‘ஆம் ஐயா’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். எதிரில் நிற்பது பெண் டீச்சர் என்பதுகூட அந்த மூளைக்கு எட்டவில்லை, இப்போது என் வகுப்பே என்னை ஐயா என்கிறது. சாமியாத்தாள் அதுவும் சொல்வதில்லை. வாசிக்கச் சொன்னால் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது.

வரும் வெள்ளிக்கிழமை அவர் மறுபடியும் வருகிறார். எங்கள் ஹெட்மாஸ்டர் குமாரசாமி இருக்கிறாரே, அதிகாரியின் ஜீப் சத்தத்துக்கே எழுந்து நிற்பவர், ‘அன்னிக்கு அந்தப் புள்ளைய ஊட்டுல இருக்கச் சொல்லிப்போடுங்க டீச்சர், இல்லீன்னா உங்களைத் தாளவாடி மலைக்கு மாத்திப்போடுவாங்க’ என்கிறார். முன் வரிசையில் உட்காரவைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதை எப்படியோ கேட்டுவிட்டு, நேற்று முன்தினம் மணி அடித்த பிறகு சாமியாத்தாள் என் மேசைப் பக்கம் வந்தது. ‘ஏனுங்க டீச்சர், அவரு மறுக்கா வாராருங்களா?’ என்றது. அவர் வந்துபோன பிறகு அது பேசிய முதல் பேச்சு. வரட்டும் கண்ணு, கூப்பிட்டால் இதே மாதிரி கேள், இன்னும் சத்தமாகக் கேள் என்றேன்.

நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். மாமியாருக்கு மறக்காமல் போன் செய். நீ அனுப்பிய ஸ்வெட்டரை, கோபி வெயிலுக்கு இது எதற்கு என்று திட்டினேன் அல்லவா, பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன். தாளவாடியில் குளிர் அதிகமாம்.

இப்படிக்கு
உன் அம்மா
நல்லம்மாள்